கோடி ரூபாய் காரில் ஒரு லூஸ் ஸ்க்ரூ!



புது செல்போன் வாங்கின அன்னிக்கு ராத்திரி நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். டப்பாவைத் தூக்கிப் போட மனசு வராது. ஸ்க்ரீன் மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை உரிக்கவும் மனசு வராது. ஹாஸ்டல் ரூம் டியூப்லைட்டுக்கு நேரா போனைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்ப்பீங்க. ஓரத்துல தலைமுடி மாதிரி ஒரு கீறல் கண்ணுல பட்டுட்டா போச்சு. 'எங்கடா கீறல்? எனக்கு ஒண்ணும் தெரியலையே'ன்னு ரூம்மேட் சத்தியம் பண்ணுவான். உங்களுக்கு மட்டும் அது கூவம் ஆறு மாதிரி அகலமாத் தெரியும்.

பதினைஞ்சாயிரம் ரூபா போனுக்கே இப்படி. கோடி ரூபா கொட்டி கார் வாங்கறவர் நிலைமை?

இதைத்தான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு நண்பர் கேட்டிருந்தார். 'அண்ணா, நாங்க வாங்கற செகண்ட் ஹேண்ட் பைக்குல ஆயிரம் ரிப்பேர் வருது. கொடுத்த காசுக்கு அதுவே ஜாஸ்தி. போர்ஷே, ஃபெராரில எல்லாம் ரிப்பேரே வராதுல்ல?'

வரும் தம்பி. சில சமயம் தீயே பிடிக்கும்.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி காரை ஒரு தடவை சுத்திப் பார்த்துடலாம். போர்ஷே 911-க்கு 2013-ல் ஐம்பது வயசு. அந்த வருஷம் மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் புது 911 ஜிடி3-ஐ மேடையேற்றினார்கள். ஜிடி3 என்றால் 911 குடும்பத்திலேயே ரேஸ் டிராக்குக்காக வளர்க்கப்பட்ட முரட்டுப் பிள்ளை. 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 475 குதிரைத்திறன். இதெல்லாம்கூட இன்னொரு கார்ல கிடைச்சிடும். மேட்டர் என்னன்னா, அந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 9,000 சுற்று சுற்றும். உங்க வீட்டு கார் 6,000-ஐத் தாண்டினாலே 'ஆளை விடுப்பா'ன்னு கதற ஆரம்பிச்சிடும். இது 9,000-ல் பாடும்! அமெரிக்காவில் ஆரம்ப விலை 1,30,400 டாலர். அந்த மாதிரி காரை முழுசா இந்தியாவுக்கு இறக்குமதி செய்தால் அப்போது சுங்க வரி மட்டுமே 100 சதவீதம். கோடி எங்கே போய் நிற்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

ரசிகர்களில் ஒரு கோஷ்டிக்கு மட்டும் ஆரம்பத்திலேயே மூஞ்சி தொங்கிப் போச்சு. அதுவரை வந்த ஜிடி3-களில் இருந்தது ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற எஞ்சின் மேதையின் பெயரால் அழைக்கப்பட்ட எஞ்சின். 1998-ல் லெ மான் 24 மணி நேர ரேஸை ஜெயித்த 911 ஜிடி1 காரின் எஞ்சின் பரம்பரை அது. புதுசில் அது இல்லை, வேறு வம்சம். போதாக்குறைக்கு மேனுவல் கியரையும் தூக்கிட்டாங்க. 'பிடிகே' என்கிற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மட்டும்தான். ஹீரோவை மாத்திட்டு எடுத்த ரெண்டாம் பாகத்துக்கு வந்த ரசிகர் மன்றத்து ஆளுங்க மாதிரி, 'எப்படி இருக்குன்னு பார்ப்போம்' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டெலிவரி ஆரம்பித்தது. ஓட்டியவர்கள் சொக்கிப் போனார்கள். அந்த எஞ்சினின் சத்தத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

அப்புறம்தான் அந்தச் செய்தி. ஐரோப்பாவில் இரண்டு ஜிடி3 தீப்பிடித்து எரிந்தன. ஒன்று ஸ்விட்சர்லாந்தில், இன்னொன்று இத்தாலியில். தீ கிளம்பியது பின்பக்கம், எஞ்சின் இருக்கிற இடத்தில்.

2014 பிப்ரவரியில் போர்ஷே டெலிவரியை நிறுத்தியது. அதுவரை உலகம் முழுக்க விற்றிருந்தவை 785 கார்கள். அத்தனை பேரிடமும் சொன்னது ஒன்றுதான்: காரை ஓட்ட வேண்டாம், நாங்களே வந்து எடுத்துப்போகிறோம்.

கொஞ்சம் அந்த ஆளோட இடத்துல நின்னு பாருங்க. வருஷக்கணக்கா கனவு கண்டு, சீட்டுல தைக்கிற நூல் என்ன கலர்ங்கற வரைக்கும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, மாசக்கணக்கா காத்திருந்து, கடைசியில கார் வீட்டு வாசல்ல வந்து நிக்குது. அதைத் தொடாதேங்கறாங்க. கல்யாணப் பந்தியில இலை போட்டு, பாயசம் வரைக்கும் பரிமாறிட்டு, 'யாரும் கை வைக்காதீங்க'ன்னு மைக்ல சொன்னா எப்படி இருக்கும்!

மார்ச்சில் காரணம் வெளியே வந்தது. கனெக்டிங் ராட்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது அத்துப்படி. மத்தவங்களுக்காக சின்னதா ஒரு விளக்கம். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். குதிப்பதைச் சுற்றலாக மாற்ற நடுவில் ஒரு தண்டு வேண்டும். நீங்க சைக்கிள் மிதிக்கும்போது முழங்காலுக்கும் பெடலுக்கும் நடுவுல உங்க கெண்டைக்கால் என்ன வேலை செய்யுதோ, அதே வேலைதான். அந்தத் தண்டின் கீழ்முனை கிராங்க் ஷாஃப்டை வளையமாகக் கட்டிப் பிடித்திருக்கும். அந்த வளையத்தைப் பூட்டி வைத்திருப்பது ஸ்க்ரூ.

எரிந்த கார்களில் அந்த ஸ்க்ரூ இணைப்பு தளர்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். தளர்ந்த ராட், எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க் கேஸை உள்ளிருந்தே உடைத்தது. உடைந்த இடத்தில் ஆயில் கசிந்தது. கொதிக்கிற சூட்டில் பட்டதும் பற்றிக்கொண்டது.

ஒரு ஸ்க்ரூ லூஸானதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு தோணுதா? 9,000 சுற்று என்றால் வினாடிக்கு 150 சுற்று. பிஸ்டன் ஒரே வினாடியில் 150 தடவை மேலே போய் நின்று திரும்பணும், 150 தடவை கீழே வந்து நின்று திரும்பணும். நீங்க 'ஒண்ணு'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள 300 சடன் பிரேக்! மேலே போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் ராடைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை அந்த ஸ்க்ரூக்கள் மேல்தான் விழும். இன்னொரு விஷயமும் இருக்கு. 6,000-ல் சுற்றுகிற அதே எஞ்சினை 9,000-ல் சுற்றினால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்குங்க. ரெண்டே கால் மடங்கு. செமஸ்டர்ல 'இதெல்லாம் எதுக்குப் படிக்கறோம்'னு புலம்பின ஃபார்முலாதான். 785 பேர் அதுக்கு பதில் தேடிக்கிட்டிருந்தாங்க.

போர்ஷே என்ன செய்தது? 785 கார்களுக்கும் புது எஞ்சின். ஸ்க்ரூ இணைப்பைத் திருத்தி அமைத்த புத்தம் புது எஞ்சின், அத்தனை பேருக்கும்.

'திறந்து, டைட் பண்ணி, மூடிக் கொடுத்திருக்கலாமே'ன்னு நீங்க கேக்கலாம். கொடுத்திருக்கலாம். ஆனா அப்படிக் கொடுத்த காரை எடுத்துட்டுப் போய் யார் தைரியமா 9,000 வரைக்கும் மிதிப்பாங்க? மிதிக்காம வெச்சிருக்கவா அந்தக் காசு? அவங்க வாங்கினதே அந்தக் கடைசி ஆயிரம் சுற்றைத்தான். போர்ஷேக்கு அது புரிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இப்ப நம்ம நண்பரோட கேள்விக்கு வருவோம். இவ்வளவு விலை கொடுத்தும் ஏன்?

எல்லாரும் மனசுல வெச்சிருக்கிற கணக்கு இது: விலை ரெண்டு மடங்கானா தரமும் ரெண்டு மடங்கு. சட்டை, செருப்பு விஷயத்துல இது ஓரளவு வேலை செய்யும். கார்ல ஒரு கட்டம் வரைக்கும்தான். அதுக்கு மேல போனா கணக்கு திரும்பிக்குது.

எப்படின்னு பாருங்க. 785-ல் 2. கிட்டத்தட்ட நானூறுக்கு ஒண்ணு. இப்ப, தினம் ஆயிரம் எஞ்சின் செய்கிற ஒரு சாதாரண கார் ஃபேக்டரியைக் கற்பனை பண்ணிக்குங்க. அங்கே நானூறுக்கு ஒண்ணு என்கிற விகிதத்தில் ஒரு தப்பு நுழைந்தால் தினமும் ரெண்டு மூணு எஞ்சின் அந்தத் தப்போடு வெளியே போகும். ஒரு மாசத்தில் அறுபது, எழுபது. சர்வீஸ் சென்டர்களில் புகார் குவிந்து ஃபேக்டரியில் மணி அடித்துவிடும். ஜிடி3 மாதிரி காரில் அதே தப்பு மாசக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

அது மட்டுமா? சாதாரண காரை யார் ஓட்டுறாங்க? கால் டாக்சி டிரைவர், ஸ்கூலுக்குக் குழந்தைகளைக் கொண்டு விடுற அம்மா, கிளட்ச்லேயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுற மாமா, மழைத்தண்ணியில இறக்குற மச்சான். லட்சம் பேர் தினமும் பரீட்சை வைக்கிறாங்க, அதுவும் ஃப்ரீயா. அந்தப் பரீட்சையில அடிபட்டு அடிபட்டு, அடுத்தடுத்த பேட்ச்சுல கார் தேறிடும். சூப்பர் கார் பாவம், போர்வை போத்திக்கிட்டு ஏசி கராஜ்ல தூங்கும். வருஷத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா பெருசு. விலை ஏற ஏற எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறையக் குறைய, தப்பு ஒளிஞ்சுக்க நிறைய இடம் கிடைக்கும்.

அதே 2014 பிப்ரவரியில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஆஸ்டன் மார்ட்டின், அதாவது ஜேம்ஸ் பாண்ட் காரைச் செய்கிற கம்பெனி, 17,590 கார்களைத் திரும்ப அழைத்தது. 2007 நவம்பரிலிருந்து செய்த கார்களில் பெரும்பகுதி அதில் அடங்கிவிட்டது. என்ன பிரச்னை? ஆக்ஸிலரேட்டர் பெடலைத் தாங்குகிற பிளாஸ்டிக் கை உடையலாம். ஏன் உடையணும்? டூபான்ட் கம்பெனியின் பிளாஸ்டிக் என்று சொல்லிப் பயன்படுத்தியது போலி! சீனாவில் எங்கோ ஒரு துணை சப்ளையர், இன்னொரு துணை சப்ளையரிடம் வாங்கிய மூலப்பொருள் டூப்ளிகேட். நல்லவேளை, யாருக்கும் அடிபட்டதாகப் புகார் வரவில்லை. பெடல் செய்யும் வேலையை இங்கிலாந்துக்கே கொண்டுபோகப் போவதாகக் கம்பெனி சொன்னது.

லெதர் எங்கேருந்து வருது, மரம் எங்கேருந்து வருதுன்னு விளம்பரத்துல பெருமையாச் சொல்லுவாங்க. பெடல் பிளாஸ்டிக் எங்கேருந்து வருதுன்னு யார் கேட்டா?

இதிலும் எண்ணிக்கை விளையாட்டு உண்டு. உங்க காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையையே எடுத்துக்குங்க. ஒரே ஒரு பக்கம் எடுக்கப் போறவனையும், மொத்த கிளாஸுக்கும் நோட்ஸ் எடுக்கப் போறவனையும் கடைக்காரர் ஒரே மாதிரியா பார்க்கிறார்? வருஷத்துக்கு லட்சக்கணக்கில் பெடல் வாங்கும் கம்பெனி, சப்ளையரின் ஃபேக்டரியிலேயே தன் ஆளை உட்கார வைத்துப் பரிசோதிக்கும். சில ஆயிரம் மட்டும் வாங்கும் கம்பெனிக்கு அந்த மிரட்டல் சக்தி கிடையாது. கார் விலை எவ்வளவு என்பது பெடல் சப்ளையருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஃபெராரியைப் பற்றியும் ரெண்டு வரி. 2010-ல் 458 இட்டாலியா கார்கள் சில எரிந்தன. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சூடு தடுக்கும் தகட்டை ஒட்டப் பயன்படுத்திய பசை, சூட்டில் உருகிப் பற்றியது காரணம். 1,248 கார்களைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதிலாக உலோகத்தால் பிணைத்துக் கொடுத்தார்கள். பசை! ஸ்கூல்ல சார்ட் ஒட்டுற மாதிரி!

தீ எல்லாம் அபூர்வம். இந்தக் கார்களின் ஓனர்களைத் தினம் தினம் அரிப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். பெயின்ட்டில் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான சொரசொரப்பு. ரெண்டு கதவுக்கும் நடுவில் இடைவெளி ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம். டேஷ்போர்டிலிருந்து கிரீச் சத்தம். டெலிவரி எடுக்க டார்ச் லைட்டோடும், பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரோடும் வருகிறவர்கள் உண்டு. நீங்க டியூப்லைட்டுக்கு நேரா போனைச் சாய்ச்சீங்களே, அதோட பணக்கார வெர்ஷன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபெராரியின் பிசுபிசு பட்டன்கள். தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000-களிலும் வந்த பல ஃபெராரிகளில் உள்ளே இருக்கிற ஸ்விட்சுகளுக்கு ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு பூச்சு கொடுத்திருந்தார்கள். தொட்டா அப்படி ஒரு சுகம். சில வருஷம் வெயிலும் சூடும் பட்டதும் அது ஜவ்வுமிட்டாய் ஆகிவிடும். ஏசி பட்டனை அமுக்கிட்டு விரலை எடுத்தா விரல் கறுப்பு. பழைய குடையோட கைப்பிடி, பழைய கம்ப்யூட்டர் மவுஸ்ல எல்லாம் நீங்க பார்த்திருப்பீங்களே, அதே வியாதி. அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதுசாகப் பூசிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எஞ்சின் ராஜா மாதிரி ஓடும், பட்டன் கையில் ஒட்டும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இவ்வளவு படுத்தினாலும் ஓனர்கள் கோபப்பட்டு ஓடிவிடுகிறார்களா? அதுதான் இல்லை.

2015-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் டெஸ்லா மாடல் எஸ் பி85டி என்ற எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் செடானைச் சோதித்தது. இந்த அமைப்பு காரைக் காசு கொடுத்து வாங்கித்தான் சோதிக்கும், ஓசிக்கு வாங்காது. விலை 1,27,820 டாலர். வாங்கிய கொஞ்ச நாளிலேயே டிரைவர் பக்கக் கைப்பிடி வெளியே வரவில்லை, அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை. மாடல் எஸ்-ஸில் கைப்பிடி கதவுக்குள் புதைந்திருக்கும், கிட்டப் போனால் தானாக வெளியே நீட்டும். அது நீட்ட மறுத்துவிட்டது. ஆனாலும் சோதனை முடிவில் அந்த கார் வாங்கிய மார்க், நூற்றுக்கு 103! நம்ம வாத்தியார்ங்க கனவுல கூடப் போடாத மார்க். மார்க் போடும் முறையையே அப்புறம் திருத்தி நூறுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ரெண்டே மாசம். அக்டோபரில் அதே அமைப்பு, சுமார் 1,400 மாடல் எஸ் ஓனர்களிடம் வாங்கிய விவரங்களைப் பார்த்துவிட்டு, இந்தக் காரை 'வாங்கலாம்' பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மோட்டார், சார்ஜ் செய்யும் கருவி, உள்ளே இருக்கும் ஸ்க்ரீன், சத்தம் எழுப்பும் பாகங்கள் என்று புகார் வரிசையாக இருந்தது. அதே ஓனர்களிடம் 'திரும்பவும் இதையே வாங்குவீங்களா' என்றும் கேட்டிருந்தார்கள். 97 சதவீதம் பேர் வாங்குவோம் என்றார்கள்.

அடிக்கடி கட் அடிக்கிற, கடன் வாங்கினா திருப்பித் தராத ஒரு ஃப்ரெண்ட் உங்க கேங்க்லயும் இருப்பான். ஆனா டூர்னா அவன் இல்லாம பஸ் கிளம்பாது. அதே கதைதான்!

ஆனா இந்த மன்னிப்பு சும்மா கிடைக்காது. ரிப்பேருக்குக் கூப்பிட்டா ஓடி வரணும், காசு கேக்கக்கூடாது, முக்கியமா 'எல்லா காரும் அப்படித்தான் சார் இருக்கும்'னு சொல்லக்கூடாது. மெக்லாரன் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 2011-ல் வந்த அவர்களின் எம்பி4-12சி காரில் கதவுக்குக் கைப்பிடியே கிடையாது. ஓரத்தில் கையால் தடவினால் கதவு திறக்கணும். ஸ்டைல்தான். ஆனால் தடவித் தடவிப் பார்த்தும் திறக்காமல், பார்க்கிங்கில் நாலு பேர் முன்னாடி மந்திரவாதி மாதிரி நின்றவர்கள் பலர். கம்பெனி பிடிவாதம் பிடிக்காமல், பின்னாடி வந்த கார்களில் சாதாரண ரப்பர் பட்டன் வைத்துவிட்டது. அதோடு, 2012-ல் எஞ்சின் சக்தியை 600-லிருந்து 625 ஆகக் கூட்டியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அதை இலவசமாகவே செய்து கொடுத்தது. முதல்ல வாங்கினவன் ஏமாளின்னு ஆகிடக்கூடாது பாருங்க.

இந்த இடத்துல ஒரு புத்திசாலி கையைத் தூக்குவார்: 'கம்மியா செய்யற கார்னா சொதப்பும்னு சட்டமா? ஹோண்டா என்எஸ்எக்ஸ்?'

நியாயமான அடி. வாங்கிக்கறேன். 1990-ல் வந்த என்எஸ்எக்ஸ் தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகலாம் என்கிற மாதிரியான சூப்பர் கார். 1989-ல் சுசுகா ரேஸ் டிராக்கில் அதன் மாதிரியை ஓட்டிப் பார்த்த ஏர்டன் சென்னா, கட்டுமானம் இன்னும் உறுதியாக இல்லையே என்று முகத்துக்கு நேராகச் சொல்ல, ஹோண்டா திரும்பப் போய் உட்கார்ந்து உறுதியைக் கூட்டியது. ஜப்பானில் டோச்சிகியில் தனி ஃபேக்டரி. குறைந்தது பத்து வருஷ அனுபவமுள்ள சுமார் 200 பேரைப் பொறுக்கி எடுத்து வேலைக்கு வைத்தார்கள். அந்த எஞ்சினில் கனெக்டிங் ராட் டைட்டானியம். ரோட்டில் விற்கிற ஒரு காரில் டைட்டானியம் ராட் வந்தது அதுதான் முதல் தடவை. போர்ஷேயைப் படுத்திய அதே பாகம்! என்எஸ்எக்ஸ் எஞ்சினோ நம்பகத்துக்குப் பெயர் வாங்கியது.

ஆனா கவனிங்க, அந்த 200 பேரும் எங்கே பத்து வருஷம் பழகினாங்க? ஹோண்டாவின் சாதாரண கார்களில்தான். லட்சக்கணக்கில் ஸ்க்ரூ முடுக்கின கை அது. காரோட எண்ணிக்கை கம்மியா இருக்கலாம், முடுக்கின கைக்குப் பழக்கம் கம்மி இல்லை. அதனால என் கணக்கை நான் முழுசா வாபஸ் வாங்கலை, பாதிதான் வாங்கறேன்.

அடுத்த வாரம் லேப்ல டார்க் ரென்ச்சைக் கையில கொடுத்து 'இத்தனை நியூட்டன் மீட்டர்ல முடுக்கு'ன்னு சொல்லும்போது, குத்துமதிப்பா முடுக்கிட்டு அப்சர்வேஷன் நோட்டுல அழகா எழுதிடுவீங்கல்ல? தெரியும். நானும் அதே பெஞ்ச்சுல உட்கார்ந்தவன்தான்.

ஜிடி3 கதைக்கு ஒரு பின்குறிப்பு பாக்கி இருக்கு. மாற்றிக் கொடுத்த எஞ்சின்கள் தீப்பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தலைமுறை எஞ்சின்களிலேயே வேறு ஒரு வியாதி வெளிப்பட்டது. வால்வுகளைத் திறந்து மூடும் ஃபிங்கர் ஃபாலோயர் என்ற விரல் அளவு பாகம் சில எஞ்சின்களில் சீக்கிரமே தேய ஆரம்பித்தது. மறுபடியும் எஞ்சின் மாற்றல்கள். கடைசியில் போர்ஷே அந்த எஞ்சினுக்கு வாரன்ட்டியை 10 வருஷம் அல்லது 1,20,000 மைல் என்று நீட்டியது. மைலைக் கிலோமீட்டரா மாத்தினா 1,90,000-க்கும் மேல. பந்தயக் காருக்கு டிராக்டர் வாரன்ட்டி! 2017-ல் வந்த அடுத்த ஜிடி3-க்கு 4 லிட்டர் எஞ்சின். அதில் வால்வுகளின் இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் சமாசாரத்தையே எடுத்துவிட்டு, ஃபேக்டரியிலேயே அளந்து வைத்து மூடும் முறைக்குப் போனார்கள். அப்படியே ரசிகர் கோஷ்டி புலம்பிக்கொண்டிருந்த மேனுவல் கியரும் திரும்பி வந்தது.

கேள்வி கேட்ட நண்பருக்குக் கடைசியா ஒண்ணு. நீங்க செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கப் போனா முதல்ல என்ன கேப்பீங்க? 'அண்ணே, எஞ்சின்ல கை வெச்சிருக்கா?' அவர் 'சத்தியமா இல்லைப்பா, கம்பெனி எஞ்சின், அப்படியே இருக்கு'ன்னா நிம்மதி. அந்த 2014 ஜிடி3-ஐ இன்னிக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். 'இல்லை, அப்படியே இருக்கு'ன்னு பதில் வந்தா சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுவார்.